சும்மா இருக்கட்டும்!

நம் தேசத்தில் முன்பின் அறியாத இருவர் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால், செங்கற்பட்டு வருவதற்குள் மூன்று கேள்விகள் பிறந்துவிடும். “எந்த ஊர்?” என்பது முதலாவது. “குழந்தைகள் எத்தனை?” என்பது இரண்டாவது. “பையன் என்ன செய்கிறான்?” என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லத் தயங்குகிறவர் இல்லை. மூன்றாவது கேள்வி வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளும் பெற்றோர் சிலர் உண்டு. அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசித்திருக்கிறோம்.

ராஜகுளத்தில் நம்மிடம் படித்த பிள்ளை ஒருவன். கணக்கில் புலி. இருபத்திரண்டாம் வயதில் அவனுக்கு மனச்சிதைவு நோய் கண்டது. இல்லாத குரல்கள் காதில் கேட்டன. மந்திரித்துப் பார்த்தார்கள், பிறகு நல்லவேளையாக டாக்டரிடம் சென்றார்கள். மாத்திரையால் குரல்கள் பெரும்பாலும் அடங்கின. அதன் பிறகு நான்கு வருஷம் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். “சும்மா இருக்கட்டும் ஸார். அவனை யாரும் தொந்தரவு பண்ணாமல் இருந்தாலே போதும்” என்பாள் தாயார்.

சும்மா இருப்பதன் மகிமையை நம் பெரியோர்கள் வெகுவாகப் பாடியிருக்கிறார்கள். ஆனால் அது எல்லாம் அடைந்து முடித்த ஞானிகளுக்கு உரிய நிலை. இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் கொடிய தண்டனை வேறு இல்லை.

ஒரு நாள் அவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். கடைத்தெருவில் எங்கேயாவது கணக்கு எழுதும் வேலைக்குச் சிபாரிசு செய்ய வேண்டும் என்றான். “முதலில் நன்றாகக் குணமாகட்டும் அப்பா, பிறகு பார்க்கலாம்” என்று சொன்னோம். மிகுந்த பரிவோடுதான் சொன்னோம். அவன் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு குணமானால் போதும், ஸார்?” என்று கேட்டான்.

முப்பத்தைந்து மார்க்கு வாங்கினால் பாஸ் என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிற நமக்கு, இதற்குப் பதில் தெரியவில்லை. அவன் போய்விட்டான்.

அந்தக் கேள்வி அவனுடையது மட்டும் அல்ல. மனோவியாதி வைத்தியம் நெடுங்காலம் நாம் சொன்னதையே சொல்லி வந்தது: முதலில் நோய் தீரவேண்டும், பிறகு கூடை முடையவோ, மெழுகுவர்த்தி செய்யவோ பயிற்சி தரவேண்டும், அதிலும் தேறினால் வெளியே வேலை. இந்த வரிசையில் பலருடைய ஆயுள் பயிற்சியிலேயே கழிந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ராபர்ட் டிரேக் என்ற டாக்டரும் டெபோரா பெக்கர் என்ற அம்மையாரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். வேலை செய்ய விரும்புகிறவர் எவரானாலும் சரி, அவருக்குப் பிடித்த உண்மையான சம்பள வேலையை உடனே தேடிக்கொடு. பயிற்சியை வேலையிலேயே பெறட்டும். வைத்தியரோடு கலந்து வேலை செய்யும் துணைவர் ஒருவர், வேலை கிடைத்த பிறகும் கூடவே இருக்கட்டும். இதுவே அவர்கள் கண்ட முறை.

இது நடக்கக்கூடியதா என்று ஐரோப்பாவில் லண்டன், ஸூரிச் முதலிய ஆறு நகரங்களில் 312 பேரைக்கொண்டு சோதித்தார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது. பதினெட்டு மாத காலத்தில், பழைய முறையில் பயிற்சி பெற்றவர்களில் 28 சதவீதம் பேரே ஒரு நாளாவது சம்பள வேலை பார்த்தார்கள். புது முறையில் 55 சதவீதம். ‘வேலைப் பளுவால் நோய் திரும்பிவிடுமே’ என்று அஞ்சுவோர் கவனிக்க வேண்டிய கணக்கு இன்னொன்று உண்டு: மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பழைய முறையில் 31 சதவீதம், புது முறையில் 20. வேலை அவர்களை நோயில் தள்ளவில்லை. எனினும், துணை இருந்தும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு வேலை கிட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது. இது மந்திரம் அல்ல, முயற்சி.

“அது பணக்கார தேசத்துச் சமாசாரம். நம் கிராமத்தில் நடக்குமா?” என்று வாசகர்கள் கேட்கலாம். நம் ஜில்லாவிலேயே பதில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் 1961 முதல் 1978 வரை தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், 1984-ல் சென்னையில் ‘ஸ்கார்ப்’ என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நிறுவினார். அந்த ஸ்தாபனத்தார், செங்கற்பட்டு தனி ஜில்லாவாகப் பிரியாத நாளில், காஞ்சீபுரம் ஜில்லாக் கிராமங்களில் ஒரு பெரிய ஆராய்ச்சியில் பங்கு கொண்டார்கள். கோவாவும் மகாராஷ்டிரமும் சேர்ந்த அந்த ஆராய்ச்சியில் மொத்தம் 282 நோயாளிகள். அவர்களில் 187 பேருக்கு டாக்டரின் சிகிச்சையோடு, பள்ளிப் படிப்பு முடித்துப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் ஒருவர் ஒரு வருஷ காலம் வீட்டுக்கே போய்த் துணை நின்றார். மருந்தை ஞாபகப்படுத்துவது, குடும்பத்தாரோடு பேசுவது, வெளியே பழகவும் வேலைக்குப் போகவும் வழி பண்ணுவது எல்லாம் அவர் பொறுப்பு. 2014-ல் முடிவு வெளியானபோது, நோயின் கடுமையும் அன்றாட வாழ்வின் முடக்கமும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெளிவாகக் குறைந்திருந்தன. பெரிய பட்டம் பெற்றவர்கள் தேவைப்படவில்லை. பொறுமையுள்ள அயலார் போதுமாயிருந்தது.

காஞ்சீபுரத்துக் கோர்வைச் சேலையைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. கரைக்கு நாடா கோக்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதனால் நெசவாளர் திறமையற்றவர் என்று யாரும் சொல்வதில்லை. நாம் சொல்லும் துணைவரும் அத்தகையவரே.

நம் மாணவனின் கதையை முடிக்க வேண்டும். சில மாதம் கழித்து ஓர் உரக்கடைக்குப் போனோம். அங்கே மூட்டைகளை எண்ணிப் பேரேட்டில் பதிந்துகொண்டிருந்தவன் அவன்தான்! நம் சிபாரிசு இல்லாமலே வேலை பெற்றிருந்தான். விசாரித்தோம். மனநல ஊழியை ஒருத்தி அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டாளாம்: என்ன வேலை பிடிக்கும்? பகலில் எந்த நேரம் மனம் தெளிவாக இருக்கும்? நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்லலாமா, வேண்டாமா? அவன் சம்மதத்தின் பேரில் முதலாளியிடம் சொன்னாள். மாத்திரையினால் காலையில் மந்தமாக இருக்கும் என்பதால் வேலை பத்து மணிக்குத் தொடங்குவதென்று ஏற்பாடு. ஜனக்கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்பதால் கிடங்கில் வேலை.

மூன்றாவது வாரம் அவன் வரவில்லை. குரல்கள் திரும்பியிருந்தன. முதலாளி வேறு ஆள் பார்க்கத் தொடங்கிய சமயம், அந்த ஊழியை இரண்டு இடத்துக்கும் நடந்தாள். டாக்டர் மருந்தை மாற்றினார். ஒன்பதாம் நாள் அவன் வந்துவிட்டான். “மூட்டைக் கணக்கில் ஒன்றுகூடக் குறைவதில்லை ஸார், அதற்காக ஒன்பது நாள் பொறுக்கக் கூடாதா?” என்றார் முதலாளி. பள்ளிக்கூடத்தில் நாம் போதித்த அறநெறி அவரிடம் இருந்தது; நம்மிடம் இல்லை.

சட்டமும் இப்போது இவர்கள் பக்கம் இருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு நான்கு இடம் ஒதுக்குகிறது. அதில் ஓர் இடம் மனோவியாதி உள்ளவர்களும் வேறு சில குறைபாடு உள்ளவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டியது. இதற்கு நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்ற அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். சர்க்கார் சேவையில் இருக்கும்போது ஒருவருக்கு இத்தகைய பாதிப்பு ஏற்பட்டால், அதைக் காரணமாக வைத்து அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்பதே அதன் பொது விதி. கௌரவத்துக்கு அஞ்சி ராஜிநாமா எழுதிக் கொடுக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலோசனைக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு.

ஆனால் கடையும் கிடங்கும் பட்டறையும் சட்டத்தின் கையில் இல்லை. நம் கையில் இருக்கின்றன. வேலை கேட்டு இப்படி ஒருவர் வந்தால், ‘குணமாகிவிட்டதா?’ என்று கேட்க வேண்டாம். ‘எந்த வேலை பிடிக்கும்? எத்தனை மணிக்கு வரமுடியும்?’ என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் மருந்தை நிறுத்த வேண்டாம். வேலை மருந்துக்குப் பதில் அல்ல, மருந்துக்குத் துணை.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் அந்தத் தாயாரைப் பார்த்தோம். பந்தியில் பக்கத்திலிருந்த அம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். தாயார் இலையைப் பார்த்துக் குனியவில்லை. “உரக்கடையிலே கணக்கு எழுதுகிறான். பத்து மணிக்குத்தான் போவான்” என்றாள்.