பம்ப் மேல் பழி போடாதீர்கள்!

பீர் காய்ச்சும் சின்ன ப்ரூவரிகளில் எது நின்றுபோனாலும் முதலில் திட்டு வாங்குவது பம்ப்தான். வேகம் குறைந்தால் பம்ப் சரியில்லை. சத்தம் போட்டால் பம்ப் சரியில்லை. சொட்டினால் கேட்கவே வேண்டாம், "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கு" என்று தீர்ப்பே வந்துவிடும். கழற்றிப் பார்த்தால் பல சமயம் உள்ளே ஒரு குறையும் இருக்காது. உண்மையான குற்றவாளி முன்னால் உள்ள குழாயிலோ, பின்னால் உள்ள வயரிலோ ஒளிந்திருக்கும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் குழாயைப் பார்க்க வேண்டும். இது தெரியாததால்தான் காசும் பீரும் வீணாகின்றன.

பெங்களூரில் 2010களில் பெருகிய மைக்ரோ ப்ரூவரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் ஸ்டீல் தொட்டிகளை வருகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். தரையோரம் உட்கார்ந்திருக்கும் பம்பை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் மால்ட்டில் இருந்து வடித்த இனிப்புச் சாறை (அதற்கு வோர்ட் என்று பெயர்) கொதிக்கும் கெட்டிலுக்கு ஏற்றுவது, கொதித்தபின் கூலர் வழியாக நொதிக்கும் தொட்டிக்கு அனுப்புவது, கடைசியில் சூடான காஸ்டிக் சோடா கரைசலைச் சுற்றவிட்டு எல்லாவற்றையும் கழுவுவது, எல்லாம் அதன் தலையில்தான். பெரிய தொழிற்சாலையில் மாற்று பம்ப் இருக்கும், ஃபிட்டர் இருப்பார். சின்ன ப்ரூவரியில் பெரும்பாலும் பீர் காய்ச்சுகிறவரே ஃபிட்டர்.

அடிக்கடி வரும் முதல் புகார், கொதித்த வோர்ட்டை இழுக்கும்போது பம்புக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம். பேரிங் போச்சு என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். நடப்பது வேறு. சாதாரணத் தண்ணீரை இழுக்கும்போது காற்றழுத்தம் பம்புக்குக் கை கொடுக்கிறது. கடல் மட்டத்தில் அது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். திறந்த கெட்டிலில் கொதித்துக்கொண்டிருக்கும் திரவத்துக்கு இந்த உதவி கிடையாது. ஏனென்றால் கொதிக்கிறது என்றாலே, அதன் ஆவியழுத்தம் காற்றழுத்தத்தை எட்டிவிட்டது என்று அர்த்தம். மிச்சம் இருப்பது பம்புக்கு மேல் திரவம் நிற்கும் உயரம் மட்டுமே. அதிலும் ஒல்லியான ஹோஸ், இரண்டு எல்போ, பாதி திறந்த வால்வு, வாயில் அடைத்த ஹாப் கசடு என்று கழித்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்? திரவம் இம்பெல்லரின் வாயிலேயே ஆவிக் குமிழாகி, அழுத்தம் கூடும் இடத்தில் சட்டென்று நொறுங்குகிறது. அந்தச் சத்தம்தான் கூழாங்கல். இதற்கு கேவிடேஷன் என்று பெயர். விட்டுவைத்தால் நாளடைவில் இம்பெல்லரையே அரித்துவிடும்.

சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைவுதானே, அங்கே தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எந்த ஊரானாலும் கொதிநிலையில் இதே கணக்குதான். இந்த நிலையில் பெரிய பம்ப் வாங்கினால் அது இன்னும் வேகமாக இழுக்கப் பார்க்கும், சத்தம் இன்னும் கூடும். மருந்து ரொம்ப எளிது. உறிஞ்சும் பக்க வால்வை முழுக்கத் திறக்க வேண்டும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேற்றும் பக்க வால்வில்தான் கை வைக்க வேண்டும். உறிஞ்சும் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். கசடு படிய நேரம் கொடுக்க வேண்டும். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

இரண்டாவது, சொட்டாத லீக். வெளியேற்றும் பக்கம் லீக் இருந்தால் தரை நனையும், உடனே தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் காற்றழுத்தத்துக்குக் கீழே போனால் ஒரு சொட்டுகூட விழாது. பதிலாகக் காற்று உள்ளே போகும். நொதித்து முடிந்த பீரை மாற்றும்போது இது நடந்தால், போகப் போக பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். மால்ட்டைச் சந்தேகிப்பார்கள், ஈஸ்ட்டைச் சந்தேகிப்பார்கள். காரணம் தேய்ந்துபோன ஒரு கேஸ்கெட்டாக இருக்கும்.

மூன்றாவது இன்னும் வேடிக்கை. எலக்ட்ரீஷியன் வந்து வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாள் பம்ப் தெம்பில்லாமல் ஓடும். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மோட்டார் மேல் போட்டிருக்கும் அம்புக்குறியை ஒரு தடவை பார்த்தால் போதும்.

அப்படியானால் பம்ப் கெட்டே போகாதா என்று கேட்கலாம். போகும். முக்கியமாக மெக்கானிக்கல் சீல் போகும். அதன் இரண்டு முகங்களுக்கு நடுவே மெல்லிய திரவப் படலம் இருந்தால்தான் அது பிழைக்கும். காலியாக ஓடவிட்டால் சீக்கிரமே கருகிவிடும். வேலை முடிந்ததும் வெந்நீர் விட்டு அலசாவிட்டால், வோர்ட்டின் சர்க்கரை அந்த முகங்களில் காய்ந்து ஒட்டிக்கொண்டு, அடுத்த நாள் ஸ்டார்ட் செய்யும்போது கிழித்துவிடும். சூடான காஸ்டிக்குக்கு ஈ.பி.டி.எம். ஓ-ரிங் தாங்கும். விலை கூடுதலாயிற்றே என்று விட்டான் போட்டால், அது காஸ்டிக்கில் கெட்டுப்போகும். ஆக, சீல் போனதற்கும் காரணம் வெளியேதான் இருக்கிறது. காரணம் கேட்காமல் புது சீல் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று ஒதுக்க முடியாது. குழாய் உள்பக்கம் சுத்தமாக, கழுவும் கரைசல் நொடிக்கு சுமார் 1.5 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 50 மில்லிமீட்டர் குழாயில் அது மணிக்கு 10,000 லிட்டருக்கும் மேல். பம்ப் சோர்ந்தால் கழுவலும் சோரும். மூலையில் தங்கிய லாக்டோபேசில்லஸ் அடுத்த தொட்டியையே புளிக்க வைத்துவிடும். அதைவிட முக்கியம், கழுவிக்கொண்டிருக்கும் பம்புக்குள் இருப்பது 70, 80 டிகிரி காஸ்டிக். அழுத்தத்தை இறக்காமல், மெயினை ஆஃப் செய்து பூட்டாமல், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிளாம்ப்பைக் கழற்றுகிறவர் தன் கண்ணையே பணயம் வைக்கிறார்.

"சின்ன இடம், இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். ஸ்டார்ட் செய்யும் முன் காற்றை வெளியேற்றுவது, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது, சீல் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது, பிரஷர் கேஜும் ஆம்பியர் மீட்டரும் காட்டுவதை ஒரு நோட்டில் எழுதுவது. நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று தெரிந்தால் பாதி நோய் அங்கேயே பிடிபடும். ஒரு செட் சீலும் ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் அலமாரியில் இருந்தால் சனிக்கிழமை இரவு யாரையும் தேடி ஓட வேண்டாம்.

புது பம்புக்குக் கொட்டேஷன் கேட்கும் முதலாளிகள் முதலில் அந்த நோட்டைக் கேட்கட்டும். நோட்டே இல்லை என்றால், கோளாறு பம்பில் இல்லை.