பத்து வருச சீனியர் டெவலப்பராம்ல!

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னிக்கும் போட்டிருக்க மாட்டேன். ஆனா நம்ம மக்கள்ல நாலு பேரு ஒரே வாரத்துல ஒரே கோப்பைப் பகிர்ந்து, இதைப் போட்டா உங்க ஏஐ சும்மா பறக்கும்னு அள்ளி விட்டிருந்தாங்க. பொறுக்கல சாமி.

திறந்து பார்த்தா முதல் வரியே, நீ பத்து வருட அனுபவம் உள்ள தலைசிறந்த பொறியாளர். அப்புறம், சுத்தமாக நிரல் எழுது. அப்புறம், தவறு செய்யாதே. அடங்கப்பா! சொன்னதும் தப்பு நின்னுடும்னா நம்ம மேனேஜருங்க இத்தனை வருசமா அதைத்தானே சொல்லிட்டிருக்காங்க?

பொட்டி தட்டாத நண்பர்களுக்குச் சின்னதா ஒரு விளக்கம். கிளாட் கோட், கர்சர், காப்பைலட் மாதிரி உதவியாளருங்ககிட்ட ஒரே வேலையைத் தினமும் புதுசா விளக்க வேணாம். ஒருதரம் கோப்புல எழுதி வெச்சா அதுவே படிச்சுக்கும். ஆந்த்ரோபிக் 2025 அக்டோபர்ல இதுக்கு 'ஸ்கில்'னு ஒரு வடிவம் குடுத்தாங்க, அதே வருசம் டிசம்பர்ல யார் வேணா பயன்படுத்திக்கற பொது வரையறையா திறந்து விட்டாங்க. ஒரு ஃபோல்டர், உள்ளே ஸ்கில்.எம்டின்னு ஒரு கோப்பு, அதோட தலையில பேரும் விவரணையும். அவ்ளோதான்.

சூட்சுமம் அந்த விவரணையிலதான் இருக்கு. ஆரம்பத்துல உதவியாளர் பார்க்கறது பேரையும் விவரணையையும் மட்டும்தான். கையில இருக்கற வேலைக்குப் பொருந்தும்னு தோணினாத்தான் உள்ளே போய் மிச்சத்தைப் படிக்கும். 1024 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, நம்மாளு 'டேட்டாபேஸ் உதவி'ன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டு, கூப்பிட்டா வர மாட்டேங்குதேன்னு புலம்பறார். எப்போ வரணும்னு எழுதுங்க ஐயா: டேபிள் அமைப்பை மாத்தும்போது, இண்டெக்ஸ் சேர்க்கும்போது, யாராவது மைக்ரேஷன்னு வாயைத் திறக்கும்போது.

உள்ளே என்ன எழுதறது? அதுக்குத் தெரியாததை எழுதணும். இண்டெக்ஸ்னா என்னன்னு அதுக்கு நம்மளை விட நல்லாவே தெரியும். போஸ்ட்கிரெஸ்ல சாதாரணமா இண்டெக்ஸ் போட்டா அது முடியற வரைக்கும் அந்த டேபிள்ல எதையும் எழுத முடியாது, 'கன்கரன்ட்லி' போட்டா இந்தத் தொல்லை இல்ல, ஆனா அதை டிரான்சாக்ஷனுக்குள்ள ஓட்ட முடியாது. இதுவும் தெரியும். உங்க கடையில எந்த டேபிள் யானை சைசு, மாசக் கடைசியில எந்த ராத்திரி பில்லிங் ஓடும், அப்போ எதைத் தொடக்கூடாது, இதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்? இன்னொருத்தன் எழுதின கோப்புல இது எப்படி இருக்கும்?

அதோட, முடிஞ்சதுன்னு எதை வெச்சு நம்பறதுன்னும் எழுதுங்க. இந்தக் கட்டளையை ஓட்டு, வந்த விடையைக் காட்டு. பாதியில உடைஞ்சு போன இண்டெக்ஸ் செல்லாக்காசா அங்கேயே கிடக்கும், இருக்கான்னு பாரு, இருந்தா நிறுத்திட்டு என்னைக் கேளு. இது இல்லேன்னா 'வெற்றிகரமாக முடிந்தது'ன்னு ஒரு டிக் மார்க்கோட போயிட்டே இருக்கும்.

தவறவே கூடாத விசயத்தை மட்டும் வார்த்தையில நம்பாதீங்க. எழுதி வெச்சது ஒரு வேண்டுகோள்தான், ஒரு நாள் அது காதுல விழாது. கிளாட் கோட்ல ஹூக்னு ஒண்ணு இருக்கு, ஆபத்தான கட்டளையை ஓடறதுக்கு முன்னாடியே மறிக்கும். அதுவும் போதாது. ப்ரொடக்ஷன் பாஸ்வேர்டு அந்த மெஷின்லயே இருக்கக்கூடாது.

இப்ப நிஜமா வயித்தைக் கலக்கற விசயம். எறநூறு ஸ்கில் இலவசம்னு இறக்கறீங்களே, அந்த ஃபோல்டருங்களுக்குள்ள ஸ்கிரிப்டும் இருக்கலாம். உதவியாளர் அதை உங்க மெஷின்ல உங்க உரிமையிலதான் ஓட்டும். ஸ்கிரிப்டே இல்லேன்னாலும், அந்தச் சாவிக் கோப்பைப் படிச்சு இந்த முகவரிக்கு அனுப்புன்னு தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ ஒரு வரி நடுவுல இருந்தாப் போதும். எறநூறையும் வரி வரியாப் படிச்சீங்களா? முகம் தெரியாத ஆளுக்கு வீட்டுச் சாவி குடுத்துட்டு நிம்மதியாத் தூங்கறீங்க.

நேரமில்லப்பாங்கறது சாக்கு. ஒரே திருத்தத்தை மூணாவது தடவை அதுகிட்ட டைப் பண்றீங்கன்னா, உங்க கோப்போட அடுத்த வரி அதுதான். நிஜக் காரணம் வேற. உள்ளதை எழுதினா நம்ம மண்டையில இருக்கற சரக்கு வெளிய போயிடும், அப்புறம் நாம எதுக்குங்கற பயம். இந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன், வீட்டுக் கடன் எனக்கும் இருக்கு. ஆனா நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில டிப்ளாய்மென்ட் முழுக்க ஒரே சீனியர் தலைக்குள்ள இருந்துச்சு. மனுசன் தங்கச்சி கல்யாணத்துல பந்தி கவனிக்காம ஃபோன்ல சர்வர் கட்டளை சொல்லிட்டிருந்தார். அந்த 'தவிர்க்க முடியாத ஆள்' பட்டம் உங்களுக்கு வேணுமா?

டிஸ்கி: தமிழ்ல எழுதலாமான்னு கேக்கறவங்களுக்கு, தாராளமா எழுதலாம், புரிஞ்சுக்குது. டோக்கன் மட்டும் கூடுதலாச் செலவாகும். என் சொந்த நிரல்களுக்கு நான் தமிழ்லதான் வெச்சிருக்கேன்.