அம்பாசடர் புராணம் போதும் அண்ணாச்சி!

பழுது பார்ப்பது எளிது என்பது வேறு. பழுதே ஆகாது என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நம் வயதுக்காரர்கள் அம்பாசடர் காருக்கு இன்னும் பதிகம் பாடிக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸப்பில் வாரம் ஒரு படம் வருகிறது. வெள்ளை அம்பாசடர், கீழே "இது தகரம் இல்லை, இரும்பு" என்று ஒரு வாசகம். வாகையடி முக்கில் நாலு பேர் கூடினாலும் அதே பேச்சுதான். அதோடு நின்றால் சவத்தை விடு என்று நானும் பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் பேச்சு எங்கே போய் முடிகிறது? "அந்தக் காலத்தில் பெல்ட்டா போட்டோம்? ஏர்பேக்கா இருந்தது? எல்லாம் கம்பெனிக்காரன் காசு பிடுங்குகிற வேலை" என்பதில் போய் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, தமிழ்நாட்டு அரசுப் பணியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, நெல்லையிலேயே வேர் பிடித்தவன். லாக் புத்தகம், பழுதுபார்ப்பு மதிப்பீடு, உதிரிபாகப் பில் என்று காகிதங்களோடு காலம் தள்ளியவன். வண்டி வழியில் நின்றுபோவதை பிரெஞ்சில் 'தோம்பே ஆன் பான்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பழுதில் விழுவது'. நம் தலைமுறை அம்பாசடரில் ஏறி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்துதான் ஊர் போய்ச் சேர்ந்தது. இப்போது விழுந்ததை மறந்துவிட்டு எழுந்ததை மட்டும் சொல்கிறோம்.

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்போம். பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் தொடங்கியது. வங்காளத்தில் உத்தர்பாரா ஆலை. இங்கிலாந்தின் மோரிஸ் கார்களை வாங்கி நம் பெயர் சூட்டுவதுதான் ஆரம்பத் தொழில். மோரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசை இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது. மூன்றாம் வரிசை 1957-இல் அம்பாசடர் ஆனது. அந்த மூன்றாம் வரிசையை இங்கிலாந்துக்காரன் 1959-இல் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். நாமோ 2014 வரை ஓட்டினோம். பெற்றவன் கைவிட்ட பிள்ளையை 55 வருஷம் வளர்த்தோம், அதுவும் பெரும்பாலும் அதே சட்டையில்.

சட்டை என்று சும்மா சொல்லவில்லை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர்கள் மாறின. 1960-களின் தொடக்கத்தில் மார்க் 2, 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4. என்ன மாறியது என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிந்தவரை முன்பக்கக் கிரில் மாறியது, விளக்கு மாறியது, டேஷ்போர்டு மாறியது. உடம்பு அதே உடம்பு. எஞ்சின் அதே 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஸ்டியரிங் தண்டிலே கை கியர். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுப் புது வீடு என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? காருக்கு ஒப்புக்கொண்டோம். ஏன் என்றால் வேறு வழியில்லை. பம்பாயில் பிரிமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு, கல்கத்தாவில் அம்பாசடர். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் மூன்றே கடை. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து கிடைத்ததைக் குறை சொல்ல மனசு வராது. அது மனித இயல்பு.

1980-இல் டீசல் அம்பாசடர் வந்தது. இந்தியாவின் முதல் டீசல் கார் என்ற பெருமை அதற்கு உண்டு. டாக்சிக்காரர்கள் கொண்டாடினார்கள், டீசல் விலைக்காக. ஆனால் அதன் சக்தி வெறும் 37 குதிரைத்திறன். இழுக்க வேண்டியதோ 1,100 கிலோவுக்கு மேல். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏற்றத்தில் ஆறு பேரோடு அதை ஏற்றுவது என்றால் முதல் கியரும் முருகன் துணையும் வேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 வெறும் 796 சிசி எஞ்சினில் கிட்டத்தட்ட அதே சக்தியைத் தந்தது. எடையோ பாதிக்குக் கொஞ்சம் கூட. அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்து "தீப்பெட்டி" என்று சிரித்தவர்கள்தான் பிறகு வரிசையில் நின்று வாங்கினார்கள்.

அதே கம்பெனி 1984-இல் கான்டெஸா கொண்டுவந்தது. ராஜ உடம்பு, உள்ளே முதலில் வைத்தது அதே 1489 சிசி எஞ்சின். யானைக்கு ஆட்டின் இதயம்! பிறகு ஜப்பானின் இசுசு எஞ்சின் வைத்ததும்தான் அது கார் ஆனது. 1990-இல் அம்பாசடர் நோவா. அதற்குப் பிறகு அம்பாசடருக்கும் 1800 சிசி இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் கிடைத்தன. அந்த 1800 ஐ.எஸ்.இசட். தான் இந்தக் குடும்பத்தில் தேறிய பிள்ளை. ஆசைக்கு ஒன்று வாங்கி வீட்டில் நிறுத்த விரும்பும் அன்பர்கள் அதைத் தேடட்டும். டீசல் பக்கம் போக வேண்டாம். 2003-இல் கிராண்டு, 2004-இல் அவிகோ, 2013-இல் என்கோர் என்று பின்னும் பெயர்கள் வந்தன. அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

இனி பழுதுப் பட்டியல். எந்தப் பழைய பட்டறையிலும் இதை ஒப்பிப்பார்கள்.

முன்சக்கரக் கிங்பின், புஷ். ஓரிரு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்காவிட்டால் தேய்ந்து சக்கரம் ஆடும், ஸ்டியரிங் தளரும். இன்றைய கார்களில் பால் ஜாயின்ட்டை கிரீஸோடு மூடியே அனுப்புகிறார்கள்.

பாயிண்டும் கார்புரேட்டரும். பாயிண்டை உப்புத்தாளில் தேய்ப்பதும் கார்புரேட்டரை டியூன் செய்வதும் மாதாந்திரச் சடங்கு.

கோடையில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பது. எஞ்சின் சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் இழுக்க முடியாது. அதற்குத்தான் ஈரத் துணி. "ஒரு துண்டை நனைத்துப் போட்டால் கிளம்பிவிடும், அதுதான் அம்பாசடர்" என்று பெருமை பேசுகிறோமே, சித்திரை வெயிலில் கோவில்பட்டிக் கரிசலில் தண்ணீருக்கு அலைவது என்ன பெருமை? இப்போது பம்பு டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அந்த வியாதியே போய்விட்டது.

கை கியர். இணைப்புக் கம்பிகள் தேய்ந்து, இரண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். டிரைவர் இறங்கி பானெட்டைத் திறந்து கையால் தட்டி விடுவிப்பார்.

பின் ஆக்ஸில் தண்டு ஒடிவது. நெடுந்தூரம் போகிற டாக்சிக்காரர்கள் டிக்கியில் ஒன்று கூடுதலாக வைத்திருப்பார்கள். ஒடியும் என்று தெரிந்தே உடன் எடுத்துப்போகும் பாகத்தை உறுதிக்குச் சாட்சி என்பதா?

எஞ்சின் பின்பக்கம் ஆயில் ஒழுகல். அந்த எஞ்சினில் ரப்பர் சீல் இல்லை. சுழல் பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும். தேய்ந்தால் சொட்டும். போர்ட்டிகோ தரையில் கறுப்பு வட்டம் இல்லாத அம்பாசடர் வீடு உண்டா?

வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கசிவு; பிரேக்கை அடிக்கடி சரிசெய்வது; கதவு தொங்குவது; தரைத் தகடு துருப்பிடித்து டிங்கரிங் வேலை; சில வருஷத்துக்கு ஒரு முறை எஞ்சினை இறக்கி ரிங் போடுவது. எழுதவே கை வலிக்கிறது.

"இத்தனையையும் தெரு மெக்கானிக்கே பார்த்துவிடுவார்" என்பார்கள். உண்மை. தெருவுக்கு ஒரு மெக்கானிக் பிழைத்தார் என்றால் வண்டி எத்தனை தரம் நின்றிருக்க வேண்டும் என்று யோசியுங்கள். ஊர் முழுக்க வைத்தியர் இருந்தால் ஊர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தமா?

பின் ஏன் அரசாங்கம் அதையே வாங்கிக்கொண்டிருந்தது? இது குமாஸ்தாவுக்குத் தெரிந்த விஷயம். பழுதின் வலி வாங்கியவருக்கு இல்லை. அதிகாரி பின்சீட்டில், தள்ளுபவர் டிரைவரும் பியூனும், பில்லைத் தருவது கருவூலம். சொந்தக் காசு போட்ட மனிதனுக்கு வேறு வழி கிடைத்தவுடனே ஓடிவிட்டான். 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 24,000 வரை விற்ற வண்டி, 2014 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 2,200 அளவில் வந்து நின்றது. அந்த மே மாதம் உத்தர்பாரா ஆலையில் வேலை நின்றது. மக்கள் போட்ட ஓட்டு அது.

இப்போது அந்த "இரும்பு" வாதம். கனத்த தகடு வண்டியைக் காப்பாற்றும். உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் என்பதல்ல. மோதும்போது முன்பகுதி திட்டமிட்டபடி நசுங்கி அந்த வேகத்தை விழுங்க வேண்டும். விழுங்காவிட்டால் அந்த அடி நம் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வரும். அப்படி நசுங்கும் அமைப்போடு மெர்சிடிஸ் கார் வந்தது 1959-இல். தோளிலும் இடுப்பிலும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை வோல்வோ பொருத்தியதும் அதே 1959-இல். அம்பாசடர் உடம்பு அதற்கு முன்னால் வரையப்பட்டது. இன்றைய கார் மோதி அப்பளமாகக் கிடக்கும் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். அப்பளமானது கார், நடந்து வெளியே வந்தது மனிதன்.

2022 செப்டம்பர் 4-இல் மகாராஷ்டிராவில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். விலையுயர்ந்த மெர்சிடிஸ்தான். அவர் பின்சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று காவல்துறை சொன்னது. நாம் எல்லாருமே பின்சீட்டுக்காரர்கள் அண்ணாச்சி. பிள்ளைகள் ஓட்ட, நாம் பின்னால் சாய்ந்து நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் போகிறோம். பின்சீட்டிலும் பெல்ட் அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. "அந்தக் காலத்தில்..." என்று நாம் ஆரம்பித்தால், பேரப்பிள்ளையும் போட மாட்டான். பழம்பெருமைக்கு விலை அங்கே இருக்கிறது.

அம்பாசடரிடம் நல்லதே இல்லையா? உண்டு. முழங்கால் வலிக்காரர் குனியாமல் ஏறி நாற்காலிபோல் உட்காரும் உயரம். ஆனித் தேருக்கு வந்த சொந்தங்களை ஒரே வண்டியில் அடைத்துக் குற்றாலம் கூட்டிப்போகும் அகலம். சின்ன ஊரிலும் கிடைத்த உதிரிபாகம். இந்த மூன்றையும் இன்றைய கம்பெனிகளிடம் கேளுங்கள். "சீட் இவ்வளவு தாழ்வாக இருந்தால் நாங்கள் எப்படி ஏறுவது? இந்த மாடலை நிறுத்தினால் பாகம் எத்தனை வருஷம் தருவாய்? பில்லில் என்ன மாற்றினாய், பழைய பாகம் எங்கே?" என்று கேளுங்கள். ஒப்பாரி வைப்பதைவிட அது உருப்படியான வேலை.

புதியது என்பதாலேயே கும்பிடவும் வேண்டாம். 2017-இல் அம்பாசடர் என்ற பெயரை பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே குழுமம் சித்ரோயன் கார்களை நம் திருவள்ளூரில் தயாரிக்கிறது. அதன் ஈ-சி3 மின்சாரக் காருக்கு 2024-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ஜியம் நட்சத்திரம். அதே கம்பெனியின் பசால்ட்டுக்கு அதே வருஷம் பாரத் என்கேப் சோதனையில் நான்கு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதற்காக நான் பூஜ்ஜியத்தை நான்கு என்று சொல்ல முடியாது. நீங்களும் பழைய பாசத்துக்காகச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் கார் வாங்கப் போகும்போது நட்சத்திரம் எத்தனை என்று முதலில் கேளுங்கள். ஏறி உட்கார்ந்ததும் பின்சீட்டுப் பெல்ட்டை இழுத்து மாட்டுங்கள்.