கட்டிலருகே நடக்கும் ஆராதனை

ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்களுக்கு ரவுண்ட்ஸ் உண்டு. முதல் ஆராதனைக்கு மணி அடிக்கும் வேளையில் பெரும்பாலும் பக்கவாத நோயாளிகளின் படுக்கைகளருகே நிற்கிறோம். அப்படியொரு காலையில், மீண்டும் அனுமதிக்கப்பட்டிருந்த கணவரின் கட்டிலருகே நின்ற அம்மையார் ஒருவர், நோயைப் பற்றி எதுவும் கேட்காமல், "கோயிலுக்குப் போய் மூணு மாசம் ஆச்சு டாக்டர். ஆண்டவருக்கு என்ன கணக்குச் சொல்லப் போறேனோ தெரியலை" என்றார்.

அவருடைய கணவரை ஒருக்களித்துத் திருப்பிப் பார்த்தோம். மூன்று மாதம் எழ இயலாமல் படுத்திருந்தவரின் முதுகிலும் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் ஒரு சிவந்த தடம்கூட இல்லை. தானாகப் புரள முடியாத ஒருவருக்குப் படுக்கைப்புண் வராமல் காப்பது எளிதன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். விரிப்பில் சுருக்கம் விழாமல் இழுத்துவிட வேண்டும். ஈரம் பட்டால் உடனே மாற்ற வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவரானால் தலைப்பக்கத்தை நன்கு உயர்த்திச் சிறுகச் சிறுக ஊட்டி, ஊட்டிய பின்னும் அரைமணி நேரம் அப்படியே நிமிர்ந்திருக்கச் செய்ய வேண்டும். இல்லையேல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். பக்கம் மாற்றுவது மட்டுமே நாளொன்றுக்குப் 12 முறை. மூன்று மாதத்தில் ஆயிரத்துக்கு மேல்.

இவ்வளவும் செய்தவர்தாம், கணக்குக் காட்டத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று கலங்கினார்.

இந்தக் கலக்கத்துக்கு நம் சபைப் பேச்சுவழக்கும் ஒரு காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பிரசங்கம் செய்வது ஊழியம், சமைப்பதும் துடைப்பதும் வெறும் வேலை என்று பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் மருத்துவமனையின் சம்பளப் பதிவேட்டில் வார்டைக் கூட்டித் துடைப்பவருக்கும் 'ஊழியர்' என்றே பெயர். இந்த ஒரு காரியத்தில் பதிவேடுதான் வேதத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

இயேசு தமது வெளியரங்கமான ஊழியத்தைத் தொடங்கியபோது ஏறக்குறைய 30 வயதுள்ளவராயிருந்தார் என்கிறார் லூக்கா. அதுவரை நாசரேத்தூர் அவரைத் தச்சனாகவே அறிந்திருந்தது. அவர் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது, பிதா தம்முடைய குமாரனில் பிரியமாயிருப்பதாக வானத்திலிருந்து சத்தம் உண்டாயிற்று. அந்நாள் வரை அவர் ஒரு நோயாளியைக் குணமாக்கியதாகவோ ஒரு பிரசங்கம் செய்ததாகவோ சுவிசேஷங்களில் பதிவில்லை. பிதா பிரியங்கொண்டதில் அந்தத் தச்சுப்பட்டறை ஆண்டுகளும் அடங்கும் அல்லவா?

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் மடத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். முன்பு போர்வீரராயிருந்து காயமுற்றவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. பிற்காலத்தில் செருப்புத் தைக்கும் வேலை. ஜெபவேளைக்கும் சமையல்வேளைக்கும் இடையே அவர் வேறுபாடு காணவில்லை என்பதைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். எங்களை அதிகம் தொடுவது வேறொரு செய்தி: சமையலறை வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. மலம் துடைப்பதும் சளி உறிஞ்சுவதும் பிடித்திருக்க வேண்டும் என்று யாரும் உங்களை எதிர்பார்க்கவில்லை. முகஞ்சுளித்துக்கொண்டே செய்தாலும் அது அன்பின் செயலே. (வேறு சமயத்தைச் சேர்ந்த வாசகர்களும் இதை அறிவீர்கள், உங்கள் வீடுகளிலும் இதே கைகள்தாம் உழைக்கின்றன.)

ஆயினும் இந்தப் போதனைக்கு ஓர் ஆபத்து உண்டு. வார்டுகளில் அதையும் பார்க்கிறோம். "அம்மாவுக்கு ஆண்டவர் கொடுத்த ஊழியம் டாக்டர் இது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த அம்மையாரின் மகனும் சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்துபவர். ஞாயிறு முழுவதும் அங்கேதான் இருப்பார். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கொர்பானைக் குறித்து இயேசு கடிந்துகொண்டதை அவருக்கு நினைவூட்டினோம். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டோம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் சிறிதும் பாராட்டவில்லை. மருத்துவர்கள் வேதபாடம் நடத்துவது எங்கள் வேலை அன்றுதான். ஆனால் அன்று அந்தத் தாயின் இரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்திருந்தோம். கணவருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தவர், தம்முடைய மாத்திரையைப் பல நாட்களாகப் போட்டிருக்கவில்லை.

களைத்துச் சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். துணைக்கு இருப்பவர்களுக்கு நாங்கள் எழுதித் தரும் குறிப்பும் அதுதான்: இரவில் ஒரு முறையாவது வேறொருவர் விழித்திருக்கட்டும், உங்கள் உணவையும் மாத்திரையையும் நோயாளியின் மருந்து அட்டவணையிலேயே குறித்து வையுங்கள், வாரத்தில் அரைநாளாவது வார்டை விட்டு வெளியே போய் வாருங்கள். இதற்குக் குற்றவுணர்வு வேண்டாம்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. அவசரமான நாட்களில் கட்டிலருகே நிற்பவரைப் பார்க்காமல் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருக்கிறோம். அன்று அந்த அம்மையார் தாமாகப் பேசியிராவிட்டால் அவருடைய இரத்த அழுத்தத்தை யாரும் அளந்திருக்கப் போவதில்லை.

அடுத்த ஞாயிறு கட்டிலருகே மகன் அமர்ந்திருந்தார். பக்கம் மாற்றும் விதத்தைச் செவிலியர் இருமுறை செய்துகாட்டியிருந்தார். மூன்றாம் முறை தாமே செய்தபோது வியர்த்துப்போனார். ஆராதனை முடிந்து திரும்பிய தாயார் கணவரின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார்: "எட்டு மணிக்கு இடது பக்கம் திருப்பினியா?"