எரர் வந்தா ஓடணுமா?

"லினக்ஸா? நமக்கு ஒத்து வராதுப்பா." இப்படிச் சொல்ற ஆளுங்களைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது. காரணம் கேட்டா, சோர்ஸை இறக்கி கம்பைல் பண்ணினாங்களாம், "அது இல்லை, இது இல்லை"ன்னு எரர் வந்துச்சாம். உடனே ஃபார்மட்!

கொஞ்சம் யோசிங்க மக்களே. படத்துல இருக்கிற தமிழ் எழுத்தைப் பிரிச்சுத் தர்ற டெசராக்ட்டையே எடுத்துக்குவோம். 2005ல எச்பி கம்பெனி திறந்துவிட்ட மென்பொருள். படத்தைக் கையாள்ற வேலைக்கு அது லெப்டோனிகாங்கிற இன்னொரு லைப்ரரியை நம்பியிருக்கு. அது இல்லாம கன்ஃபிகர் ஓட்டினா, லெப்டோனிகா வேணும்னு பேரைச் சொல்லியே நின்னுடும். இதுக்கு மேல எப்படிங்க கேக்கும்?

"அதான் ஏற்கனவே இருக்கே"ம்பாங்க. இருக்கும். ஆனா டெபியன், உபுண்டுல லைப்ரரி தனித்தனி பேக்கேஜா வரும். புரோகிராம் ஓடுறதுக்கு ஒண்ணு. கம்பைல் பண்ண வேண்டிய ஹெடர் ஃபைல்களோட, "டெவ்"னு முடியுற இன்னொண்ணு. பெரும்பாலும் விட்டுப்போறது இந்த ரெண்டாவதுதான். எந்த ஹெடர் எந்த பேக்கேஜ்ல இருக்குன்னு தேட ஆப்ட்-ஃபைல் இருக்கு. டிஸ்ட்ரோவிலேயே உள்ள மென்பொருள்னா, சோர்ஸ் வரிகளைத் திறந்து வச்சுட்டு ஆப்ட்-கெட் பில்ட்-டெப் அடிச்சா தேவையானதெல்லாம் வந்து இறங்கிடும். கண்ட இடத்துலேர்ந்து டெப் ஃபைலை இறக்கித் திணிக்கச் சொல்ற மேதாவிகளைக் கிட்டயே சேர்க்காதீங்க. வெர்ஷன் மாறிப்போய் ஓடிக்கிட்டிருக்கிறதும் படுத்துடும்.

மென்பொருள் எழுதுறவங்களையும் சும்மா விட முடியாது. எங்க கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து நடக்கும். நோட்டுல பேரும் தொகையும் எழுதாம ஒத்த ரூபா வாங்க மாட்டாங்க. நீங்க பத்து லைப்ரரியைக் கடன் வாங்கி எழுதிட்டு, ரீட்மீல "மேக் அடிங்க"ன்னு ஒரே வரியோட முடிச்சா என்ன நியாயம்? கடனை மறைச்ச ஐந்தொகையை பி.காம் முதலாமாண்டு பையன்கூட ஒத்துக்க மாட்டான்.

2011ல தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்துல, ஆரம்ப கால மெஷின்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் வந்துச்சு. சி-டாக் உருவாக்கினது, டெபியன் வழி வந்தது. மேலே சொன்ன அத்தனையும் அதுக்கும் பொருந்தும். ஆனா எரரைப் படிக்கச் சொல்லித்தராம மெஷினை மட்டும் கையில கொடுத்தா, அது சினிமா பாக்குற பெட்டிதான்.

எழுதுறவங்க பட்டியல் போடுங்க. கம்பைல் பண்றவங்க முதல் எரர் வரியைப் படிங்க. அதுக்குக் கீழே வர்றது முக்கால்வாசி வெறும் ஒப்பாரிதான் :-)