மணி பிளான்ட்டை எந்தக் கணக்குல எழுதறது?

தீபாவளி முடிஞ்சு தில்லியில புகைமூட்டம் கவிஞ்சதும் நர்சரிக்காரங்களுக்கு வியாபாரம் களைகட்டிடும். நம்ம தமிழ்க் குடும்பங்களும் மணி பிளான்ட், பாம்புச்செடின்னு நாலு தொட்டி வாங்கி வச்சுட்டு, வீட்டுக் காத்து சுத்தமாயிடுச்சுன்னு நிம்மதியா இருக்காங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க.

இந்த நம்பிக்கைக்கு மூலம் 1989-ல வந்த நாசா அறிக்கை. அந்தச் சோதனை நடந்தது மூடின சின்னப் பெட்டிக்குள்ள. அளந்தது பென்சீன் மாதிரி ரசாயன ஆவிகளை. தில்லியில நம்மைப் படுத்தறது நுண்தூசி. அந்த ஆவிகளுக்கே, கட்டடத்துல இயல்பா நடக்கற காத்தோட்டத்துக்கு ஈடாகணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10-லேர்ந்து 1000 செடி வரை வேணும்னு 2019-ல கணக்குப் போட்டுச் சொன்னாங்க. அப்புறம் நாம எங்கே படுக்கறது?

ராத்திரி செடி பக்கத்துல படுத்தா மூச்சு முட்டும்ங்கறதும் கதைதான். பக்கத்துல குறட்டை விடற ஆள் அதைவிடப் பல மடங்கு கரியமிலவாயு விடறார்.

அப்ப செடியே வேண்டாமா? கண்டிப்பா வேணும். ரசத்துக்குக் கிள்ளிப் போட பால்கனியில ரெண்டு கறிவேப்பிலை, இருமலுக்குக் கற்பூரவல்லி. அடுக்குமாடியிலயே வளர்ற நம்ம பிள்ளைங்க, ஒரு துளிர் விடறதைத் தினமும் எட்டிப் பாக்குதே, அது நிகர லாபம். பாட்டில்ல வச்ச செடிக்கு மட்டும் வாரம் தவறாம தண்ணி மாத்துங்க. டெங்கு கொசு அதுலயும் முட்டையிடும்.

செடியை சந்தோஷக் கணக்குல வரவு வையுங்க. மூச்சுக் கணக்கு வேற. இழுப்பு இருக்கற பிள்ளைக்கு முகக்கவசம், ஹெப்பா வடிகட்டி, டாக்டர் – இந்தச் செலவை, செடிதான் இருக்கேன்னு தள்ளிப் போடாதீங்க.