பட்டியலை யார் சுருக்குவது?



எங்கள் கல்கிசைக் கடற்கரைக்கு அஸருக்குப் பின் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்கள், சூரியன் கடலில் இறங்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். 1806இல் ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் தமக்கு மாளிகை எழுப்பியதும் இந்தக் கரையில்தான்; இன்று அது ஹோட்டல். "இவ்வளவு காசைக் கொட்டி வந்து சும்மா இருக்கிறார்களே!" என்று சிறு வயதில் நான் சிரித்ததுண்டு. சும்மா இருப்பதும் பழக வேண்டிய ஒன்று என்பதைச் சென்னைக்குப் போய்த்தான் படித்தேன்.

தங்கையின் மகளுக்கு நிகாஹ். சாமான் வாங்க நானும் உம்மாவும் புறப்பட்டோம். விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஐந்து நாள் பயணம். போகிற நாளையும் திரும்புகிற நாளையும் கழித்தால் மூன்றே நாள். என் கைப்பையில் இரண்டு பக்கப் பட்டியல். எழுபதைத் தாண்டிய உம்மாவுக்கோ ஒரே ஓர் ஆசை.

"நம்ம கடல்ல சூரியன் விழுறதத்தான் இவ்வளவு காலமும் பார்த்தேன். எழும்புறத ஒருக்கா பார்க்கணும் மகள்."

மட்டக்களப்புப் பக்கம் போயிருந்தால் பார்த்திருக்கலாம்தான். பிள்ளை வளர்ப்பும் யுத்தமுமாக அவருக்கு அது வாய்க்கவில்லை. மெரினாவோ கிழக்குப் பார்த்த கரை. நாங்கள் தங்கிய திருவல்லிக்கேணியிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். "நாளைக்குப் போவோம் உம்மா" என்றேன்.

முதல் நாள் ரங்கநாதன் தெரு. அந்த நெரிசலில் உம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். இடையில் அறைக்கு வந்து லுஹரையும் அஸரையும் சேர்த்து, இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். ஸலாம் கொடுத்த கையோடு மறுபடியும் கடைக்கு!

இரண்டாம் நாள் ஒரு துணிக்கடையில் உம்மாவுக்குத் தலை சுற்றியது. நல்ல வேளை, விழுமுன் ஒரு பெண் தாங்கிப் பிடித்தாள். டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, "அம்மாவை இப்படி அலைய வைக்கலாமா?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்றிரவு உம்மா உறங்க, நான் விழித்திருந்தேன். பிரயாணியின் களைப்பை அறிந்த அல்லாஹ், நாலு ரக்அத் தொழுகைகளை இரண்டாக்கித் தந்தான். ரமழான் நோன்பைக்கூடப் பிறகு நோற்க அனுமதித்தான். ஃபர்ளையே சுருக்கித் தந்தான் ரப்பு. என் பட்டியலைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் தந்த சலுகையில் மிஞ்சிய நேரத்தை நான் எதற்குக் கொடுத்தேன்? இன்னொரு கடைக்கு.

மறுநாள் ஸுபஹ் தொழுத கையோடு மெரினாவுக்குப் போனோம். மணலில் ஒரு பாயை விரித்து உம்மாவை உட்கார வைத்தேன். வானம் வெளுத்து, சிவந்து, கடலிலிருந்து சூரியன் மெல்ல எழும்பியது. "ஸுப்ஹானல்லாஹ்" என்று சொன்ன உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கல்கிசை ரயில் பாதையோரம் மஃரிபுவரை நின்ற நாட்களைச் சொல்லத் தொடங்கினார். இத்தனை வயதுக்கு நான் கேட்டிராத கதைகள். அன்று நான் ஒரு கடைக்கும் போகவில்லை.

பட்டியலில் பாதி அப்படியே நின்றது. நிகாஹ் ஒரு குறையுமில்லாமல் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். வாங்காத சாமானைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உம்மா மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சூரியனைப் பற்றிச் சொல்கிறார்.

சகோதரிகளே, வெளிநாடு போகும்போது பட்டியலை வீட்டிலேயே பாதியாக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். கூட வருகிறவர்களில் மூத்தவர் யாரோ, அவருடைய நடைக்கு ஏற்ப நடங்கள். அவர் ஆசைப்பட்டதை முதல் நாளே செய்து கொடுங்கள். "நாளைக்கு" என்பது நம் கையில் இல்லை. உம்ராவுக்குப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஹரமில் அமைதியாக அமர வேண்டிய நேரத்தை, பெட்டியின் கிலோக் கணக்கு தின்றுவிடக் கூடாது.

நம் பயணங்களை அல்லாஹ் இலேசாக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.